பழைய பாணி ஆண்கள் உடையும் ஃபெல்ட் தொப்பியும்: எங்கிருந்து தொடங்குவது?

1940களின் அமெரிக்கப் பாணியில் உடுத்த ஆசை, முதலில் வாங்க வேண்டியது சூட்டா தொப்பியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை, பேன்ட். அந்தக் காலத்துப் பேன்ட் தொப்புளை ஒட்டி நிற்கும். இன்றைய லோ-வெயிஸ்ட் பேன்ட்டோடு ஃபெடோரா (நடுவில் மடிப்பும் சுற்றிலும் விளிம்பும் உள்ள ஃபெல்ட் தொப்பி) வைத்தால் மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பியது போலத்தான் இருக்கும்.

சரி, தொப்பிக்கு வருவோம். ஃபெல்ட் என்பது இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த துணி. கம்பளி ஃபெல்ட் மலிவு, ஆனால் மழையில் நனைந்தால் சுருங்கி வடிவம் கெடும். முயல் அல்லது பீவர் ரோமத்தில் செய்தது விலை கூட, பத்திரமாக வைத்தால் பல பத்தாண்டு உழைக்கும். ஸ்டெட்சன், போர்சலினோ போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் பழைய தொப்பி கிடைத்தால் உள்ளே இருக்கும் தோல் பட்டையை மெதுவாக வெளியே மடித்துப் பாருங்கள், தோல் காய்ந்து வெடித்திருந்தாலோ தையல் விட்டிருந்தாலோ பேரம் பேசலாம், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தால் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் தலைச்சுற்றளவு 58 செ.மீ. என்றால் அமெரிக்க அளவில் ஏழேகால்.

அப்புறம், தொப்பியைக் கழற்றும்போது முன்பக்க மடிப்பைக் கிள்ளிப் பிடிக்காதீர்கள், நாளடைவில் அங்கேதான் கிழியும். 1941 வரை அமெரிக்காவில் ஃபெல்ட் செய்யப் பாதரசம் பயன்பட்டது. சூடுபட்டால் அந்த நச்சு வெளிவரலாம் என்பதால், அதற்கு முந்தைய தொப்பியை வீட்டில் ஆவி காட்டி வளைக்கவே வேண்டாம்.