ஸ்மார்ட்வாட்ச், கேமராக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டால் நல்ல முடிவு எடுக்க முடியுமா? அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஹெட்செட்டோடு நின்றும் ஏன் சொதப்புகிறார்கள்?

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. உடம்பில் மாட்டும் சாதனத்துக்கு எங்கே கோடு கிழிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் வீரர்தான் குவார்ட்டர்பேக். அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது அந்த ஹெல்மெட். 1994இலிருந்து பயிற்சியாளர்கள் இதன் வழியாகத்தான் அடுத்த ஆட்டத்தை, அதாவது பந்தை அடுத்து எப்படி நகர்த்துவது என்ற திட்டத்தை, சொல்கிறார்கள். 2008இலிருந்து தடுப்பாட்டக்காரர்களிலும் ஒருவருக்கு உண்டு. கேட்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது. பொதுவாக ஒரு ஆட்டம் முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. அதில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அப்புறம் எதிரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து ஆடுவதும், தேவைப்பட்டால் ஆட்டத்தையே மாற்றுவதும் களத்தில் நிற்பவர் பாடு.

என் ஸ்மார்ட்வாட்ச்சுக்கு இப்படி ஒரு 15 விநாடி விதி கிடையாது. வண்டி ஓட்டும்போதும் அதிரும், ஒருவர் முகம் பார்த்துப் பேசும்போதும் அதிரும். அழைப்பு, அலாரம், இதயத் துடிப்பு மூன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் அணைத்துவிட்டேன். இப்போது நல்ல கடிகாரமாக இருக்கிறது. கேமராக் கண்ணாடி எனக்கு ஒத்துவராது. படம் எடுக்கும்போது சின்ன விளக்கு எரியும் என்கிறார்கள். எரியட்டும், எதிரில் இருப்பவர் அந்த விளக்கையா பார்த்துக்கொண்டிருப்பார்? ஃபோனுக்கே மாற்று என்று சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்ன ஹியூமேன் ஏஐ பின் 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு வந்தது, மாதம் 24 டாலர் சந்தா தனி. திரை கிடையாது, லேசர் வெளிச்சத்தில் உள்ளங்கையில் எழுத்து தெரியும், வெயிலில் அதுவும் சரியாகத் தெரியாது. 2025 பிப்ரவரி கடைசியில் சேவையையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த, உடம்பில் மாட்டும் சாதனத்துக்கு பேட்டரியே கிடையாது. 1965 கடைசியில் பால்டிமோர் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக்குகள் இருவரும் காயம்பட்டுவிட, பந்தோடு ஓடுகிற டாம் மேட்டியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அத்தனை ஆட்டத்தையும் மனப்பாடம் செய்ய அவருக்கு ஏது நேரம்? எழுதி மணிக்கட்டுப் பட்டையில் செருகிவிட்டார்கள். இன்றைக்கும் பல குவார்ட்டர்பேக்குகள் அப்படித்தான் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆட்டத்தை அறிவிக்கிறார்கள். நியூ இங்கிலாந்து பயிற்சியாளர் பில் பெலிச்சிக் 2016இல் டேப்லெட்டே வேண்டாம், காகிதத்தில் அச்சடித்த படமே போதும் என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, சொதப்பலுக்கு வருவோம். நாம் சொதப்பல் என்று திட்டுவதில் பாதி, முடிவு தெரிந்த பிறகு திட்டுவது. 2015 பிப்ரவரியில் நடந்த என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டில் நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது, கோட்டுக்கு ஒரு யார்டுதான் பாக்கி, இரண்டாவது டவுன் (நான்கு முயற்சியில் இரண்டாவது), 26 விநாடி, கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரே ஒரு டைம் அவுட். மார்ஷான் லிஞ்ச் மாதிரி முட்டி மோதி ஓடுகிறவர் பக்கத்தில் நிற்க, சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரோல் பாஸ் வீசச் சொன்னார். நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்துவிட்டார், நியூ இங்கிலாந்து 28-24 ஜெயித்தது. வரலாற்றிலேயே மோசமான முடிவு என்று இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது, அந்த ஒற்றை டைம் அவுட்டும் போய்விடும். அடுத்து பாஸ்தான் என்று எதிரிக்கும் தெரிந்துவிடும். பாஸ் கைநழுவினால் கடிகாரம் தானாக நிற்கும். மிச்சமிருக்கும் மூன்று முயற்சிக்கும் நேரம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பாஸ் போட்டே ஆக வேண்டும். எனக்கு உடன்பாடில்லாதது எறிந்த இடம். நெரிசலான நடுப்பகுதிக்கு எறியாமல் மூலைப் பக்கம் எறிந்திருக்கலாம். பட்லர் பயிற்சியின்போது இதே மாதிரி பாஸில் ஏமாந்து, அடுத்த முறை எங்கே பாய வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தவர். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்காமல் கேரோலையே திட்டிக்கொண்டிருக்கிறோம்.

டெட்ராய்ட் பயிற்சியாளர் டான் கேம்ப்பெலும் அப்படித்தான். 2024 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக இரண்டாம் பாதியில் இரண்டு முறை, உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலை விட்டுவிட்டு, கடைசி முயற்சியான நான்காவது டவுனில் துணிந்தார், இரண்டும் பலிக்கவில்லை, 34-31 தோல்வி. முதல் முறை பந்து வீரரின் கைக்கே வந்து நழுவியது. சீசன் முழுக்க அதே துணிச்சலால் ஜெயித்தவர் அன்றைக்கு மட்டும் பயந்திருக்க வேண்டுமா?

உண்மையான சொதப்பல் என்று நான் சொல்வது அதற்கடுத்த சூப்பர் பவுலில் நடந்தது. கூடுதல் நேரத்துக்குப் புது விதி: முதலில் ஆடும் அணி பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டாலும் மற்ற அணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. டாஸ் ஜெயித்த சான் பிரான்சிஸ்கோ பந்தை முதலில் வாங்கிக்கொண்டது. இருவரும் சமமாக முடித்தால் மூன்றாவது வாய்ப்பு தமக்கு வரும் என்பது பயிற்சியாளர் கைல் ஷனஹன் போட்ட கணக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் இரண்டாவதாக ஆடுகிறவருக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அவர்கள் ஃபீல்டு கோலோடு நின்றார்கள். எதிரணியான கான்சஸ் சிட்டி நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது தயங்காமல் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஓடவிட்டு, கடைசியில் டச்டவுன் போட்டு 25-22 ஜெயித்தது. கணக்கு தப்பினாலும் பரவாயில்லை என்பேன். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு சான் பிரான்சிஸ்கோ வீரர்கள் சிலர் புது விதியே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். கான்சஸ் சிட்டி வீரர்களோ பயிற்சி முகாம் நாளிலிருந்தே அதைப் பேசி வைத்திருந்ததாகச் சொன்னார்கள். அத்தனை ஹெட்செட் வைத்திருக்கும் அணியில் இதைச் சொல்ல ஆள் இல்லையா?