வாசகர் கேள்வி பதில்: எஞ்சின் இல்லாத விமானத்தில் ஏறியவர்கள்

(விமானப்படையில் ஏர்ஃபிரேம், அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பராமரிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

கே: பாராசூட்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இரண்டாம் உலகப் போரில் கிளைடரில் சிப்பாய்களை அனுப்பினார்கள்? தெரிந்தே சாகக் கொடுத்த மாதிரி இல்லையா? (கல்லூரி மாணவர், விருதுநகர்)

ப: பாராசூட்டில் குதித்தவர்கள் காற்று தள்ளிய பக்கமெல்லாம் சிதறி விழுவார்கள். இருட்டில் ஒருவரையொருவர் தேடிச் சேர்வதற்குள் பாதி இரவு போய்விடும். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம், இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப் போய் விடும். அதில் அந்தத் தொல்லை இல்லை. ஏறியவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில், சத்தமில்லாமல் இறங்கலாம். 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரத்தில் பிரான்சின் நார்மண்டியில் பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஹோவர்டின் கிளைடர், பிடிக்க வேண்டிய பாலத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வந்து நின்றது. காவலுக்கு நின்ற ஜெர்மானியர்கள் சுதாரிப்பதற்குள் பாலம் கைமாறிவிட்டது.

எல்லோரும் சொல்வது அந்தப் பாலத்தைத்தான். என்னைக் கேட்டால் கிளைடரின் அருமை தெரிந்தது நமக்குப் பக்கத்தில், பர்மாவில்.

1944 மார்ச் 5. அசாமில் லாலாகாட் என்ற ஊரின் விமானத்தளம். எதிரியின் முதுகுப்புறம் போய்த் தாக்குவதற்கென்றே இருந்த, பிரிட்டிஷ் ஜெனரல் விங்கேட்டின் சிண்டிட் படையை ஜப்பானியர் வசமிருந்த காட்டுக்குள் இறக்க வேண்டும். சாலை கிடையாது, ஓடுதளம் கிடையாது. முதலில் கிளைடரில் போகிறவர்கள் காட்டுக்கு நடுவே உள்ள வெட்டவெளியில் இறங்கி ஓடுதளம் போடுவார்கள். மறுநாள் இரவு அதில் டக்கோட்டா என்ற சரக்கு விமானங்கள் வந்து இறங்கும். திட்டம் அவ்வளவுதான். இறங்குமிடங்களுக்கு பிராட்வே, பிக்காடில்லி என்று பெரிய பெரிய நகரத்துத் தெருக்களின் பெயர். கல்கத்தாவின் சௌரங்கி கூட உண்டு!

கிளம்ப இருந்த நேரத்தில், அன்று பிற்பகல் எடுத்த விமானப் புகைப்படம் வந்து சேர்ந்தது. பிக்காடில்லி முழுக்க மரங்களைக் கிடத்தியிருந்தார்கள். ஜப்பானியருக்குத் தகவல் கசிந்துவிட்டதோ என்று தளபதிகளுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் எல்லோரையும் பிராட்வேக்கே அனுப்பினார்கள். உண்மையில் அவை உள்ளூர்க்காரர்கள் காயப் போட்டிருந்த தேக்கு மரங்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு டக்கோட்டா இரண்டு கிளைடர்களை நைலான் கயிற்றில் கட்டி இழுத்தது. நான் சில காலம் அதே அசாமில் சில்சார் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். பர்மாவுக்குப் போகும் வழியில் உள்ள மலைகளைப் பகலில் தாண்டுவதற்கே பைலட்டுகள் முகம் சுளிப்பார்கள். இவர்கள் நிலா வெளிச்சத்தில், அளவுக்கு மீறிய பாரத்தோடு போனார்கள். வழியிலேயே பல கயிறுகள் அறுந்தன. மற்றவை பிராட்வேயில் இறங்கின. யானைகள் மரம் இழுத்து இழுத்து விழுந்த பள்ளங்கள் அங்கே புல்லுக்குள் மறைந்திருந்தன. முதலில் இறங்கியவை சக்கரம் பெயர்ந்து அப்படியே கிடக்க, பின்னால் வந்தவை அவற்றின் மேல் மோதின. மேலே இருப்பவனுக்கு எஞ்சின் இல்லையே, இன்னொரு சுற்று சுற்றி வந்து இறங்க! அந்த இரவில் மட்டும் முப்பது பேர் அளவுக்கு இறந்தார்கள்.

நிலைமை மோசமென்றால் அனுப்ப ஒரு சங்கேதச் சொல் வைத்திருந்தார்கள்: ‘சோயா லிங்க்’. சிப்பாய்களுக்கு வாயில் வைக்கப் பிடிக்காத ரேஷன் சாசேஜின் பெயர் அது. பிராட்வேயில் இறங்கிய படையின் தலைவர் பிரிகேடியர் கால்வர்ட் இரவில் அதைத்தான் அனுப்பினார். பொழுது விடிந்ததும் ‘போர்க் சாசேஜ்’ என்று இன்னொரு செய்தி வந்தது. சமாளித்துவிட்டோம், வாருங்கள் என்று பொருள்.

சமாளிக்க வைத்தது புல்டோசர். கிளைடருக்குள் அடங்கும் சின்ன வகை. அமெரிக்க வேக்கோ கிளைடர் என்பது இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி, கீழே ப்ளைவுட் தரை. மூக்குப் பகுதி, பைலட் இருக்கைகளோடு சேர்ந்து கதவு மாதிரி மேலே தூக்கும். புல்டோசர் ஏற்றிவந்த ஒரு கிளைடர் இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்ததில் இறக்கைகள் பிய்ந்தன. உள்ளே இருந்த புல்டோசர் கட்டு அறுந்து முன்னால் பாய்ந்தது. சரக்கு முன்னால் நகர்ந்தால் மூக்கைத் தூக்கிவிட ஒரு கேபிள் உண்டு. அது பைலட்டுகளை மேலே தூக்க, புல்டோசர் அவர்களுக்குக் கீழே வெளியேறிவிட்டது. ஏர்ஃபிரேம்காரனான எனக்கு, யாரோ ஒரு ஃபிட்டர் அந்தக் கேபிளை ஒழுங்காக மாட்டியிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

மறுநாள் இரவு ஓடுதளம் தயார். ஆட்கள், கோவேறு கழுதைகள், பீரங்கிகள் எல்லாம் வந்து இறங்கின. காயம்பட்டவர்கள் திரும்பப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 9,000 பேர் ஜப்பானியரின் முதுகுப்புறம் சேர்ந்துவிட்டார்கள். பாராசூட்டை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. சாகக் கொடுத்ததும் உண்மைதான் தம்பி, மறுக்கவில்லை.

கே: இறங்கிய பிறகு பைலட் என்ன செய்வார்? (வாசகி, தேவகோட்டை)

ப: பிரிட்டிஷ் பைலட் என்றால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சிப்பாய்களோடு சேர்ந்து சண்டை போடுவார், அதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்க பைலட்டை முடிந்தவரை பின்னால் அனுப்பி, அடுத்த பயணத்துக்குத் தயாராக்கப் பார்ப்பார்கள். சினிமா பிடிக்குமா? சாப்ளினோடு மௌனப்படத்தில் நடித்த சின்னப் பையன் ஜாக்கி கூகன் பர்மாவுக்கு கிளைடர் ஓட்டியவர்களில் ஒருவர்.

கே: இவ்வளவு ஆபத்துக்குச் சம்பளமாவது கூடுதலாகக் கொடுத்தார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்)

ப: நல்ல கேள்வி சார். அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர் படி. விரும்பிச் சேர்ந்தவர்கள். கிளைடர் சிப்பாயை யாரும் விருப்பம் கேட்கவில்லை. ‘உன் ரெஜிமென்ட் இனி கிளைடர் ரெஜிமென்ட்’ என்று உத்தரவு வரும், ஏற வேண்டியதுதான். படி கிடையாது. நொறுங்கிய கிளைடர் படங்களை ஒட்டி, ‘பறக்கும் படி இல்லை, குதிக்கும் படி இல்லை, ஆனால் பொழுது நன்றாகப் போகும்’ என்று அவர்களே கிண்டலாகப் போஸ்டர் போட்டார்கள். சிசிலியில் கிளைடர்கள் கடலில் விழுந்து நூற்றுக்கணக்கானோர் மூழ்கியது 1943 ஜூலை. படி வந்தது 1944 ஜூலை, நார்மண்டியிலும் இறங்கி முடித்த பிறகு.