மாறிலி எண் 7946 0893
வாசகர் கேள்வி – பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே எபிசோடைப் பற்றியவை. விமானம் விழுந்து ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரின் நான்காவது சீசன், ஐந்தாவது எபிசோட், 'த கான்ஸ்டன்ட்'. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2008 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பானது. இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள். நடுவில் இருப்பதெல்லாம் கதையை உடைத்துவிடும்.

டெஸ்மண்ட் 1996-க்குப் போகிறானா, 1996-லிருந்து வருகிறானா? இரண்டு முறை பார்த்தும் தலை சுற்றுகிறது.
– வாசகர், பெரம்பூர்

வருகிறான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உடம்பு எங்கும் நகர்வதில்லை. 1996-ல் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்த டெஸ்மண்டின் மனசு, 2004-ல் தீவிலிருந்து கப்பலுக்குப் போகும் ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருக்கும் டெஸ்மண்டின் உடம்புக்குள் வந்து விழுகிறது. அதனால்தான் பக்கத்தில் இருக்கும் தீவுக் கூட்டாளி சயீதைப் பார்த்து யார் நீ என்று முழிக்கிறான். எட்டு வருட நினைவு அவனிடம் இல்லை; அழிந்துபோகவில்லை, அந்த மனசுக்கு அது இன்னும் நடக்கவே இல்லை.

ஒரு தாளில் நடுக்கோடு போட்டு இடப்பக்கம் 1996, வலப்பக்கம் 2004 என்று எழுதிக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி: எங்கே இருக்கிறான், யாருடன் பேசுகிறான், எந்தத் தகவலை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகிறான். மூன்றாவதுதான் முக்கியம். கப்பலில் இருக்கும்போது, தீவிலிருக்கும் இயற்பியலாளர் ஃபாரடே போனில் சொல்லும் 2.342, 11 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு அளவுகளும் (1996-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வைத்திருந்த ஆய்வகக் கருவிக்கானவை), எலாய்ஸ் என்ற அவருடைய எலியின் பெயரும் வலமிருந்து இடம் போகின்றன. காதலி பென்னியின் தொலைபேசி எண் இடமிருந்து வலம் வருகிறது. தாளோ, கையில் எழுதிய மையோ கூட வராது. மனப்பாடம் செய்தது மட்டும்தான் வரும். நேரமும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடாது. கப்பலில் சில நிமிடம் போவதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் மரக்கட்டை மாதிரி நின்றிருப்பான். இரண்டு பக்கத்தையும் நிமிடக் கணக்கில் பொருத்திப் பார்க்க முயன்றால்தான் மீண்டும் தலை சுற்றும்.

ஹெலிகாப்டரில் மூன்று பேர் இருந்தார்கள். சயீதுக்கும் பைலட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லையே?
– வாசகி, மந்தைவெளி

இரண்டு காரணம் ஒன்றாகச் சேர வேண்டியிருக்கிறது. தீவிலிருந்து வெளியேற 305 டிகிரி திசையை விட்டு விலகக் கூடாது என்பது ஃபாரடே கொடுத்த கண்டிப்பான கணக்கு. பைலட் லபிடஸ் புயல் மேகத்தைச் சமாளிக்கும்போது அந்தக் கோட்டிலிருந்து நழுவுகிறார். இது மூவருக்கும் பொது. ஆனால் கதிர்வீச்சோ மின்காந்த வீச்சோ பெரிய அளவில் ஏற்கெனவே தாக்கிய ஆளா என்பதுதான் ஃபாரடே போனில் கேட்கும் முதல் கேள்வி. இரண்டாவது சீசன் முடிவில், தீவில் மின்காந்த சக்தியை அடக்கிவைத்திருந்த நிலவறையின் பாதுகாப்புச் சாவியைத் திருகி, அந்த வீச்சு முழுவதையும் வாங்கியவன் டெஸ்மண்ட் ஒருவன்தான்.

கப்பலில் கட்டிலோடு கட்டிவைக்கப்பட்டிருக்கும், டெஸ்மண்டைப் போலவே காலம் தாவும் மின்கோவ்ஸ்கி மட்டும் இந்த விளக்கத்துக்குள் சரியாக அடங்கமாட்டார். சின்னப் படகில் தீவைப் பார்க்கக் கிளம்பிப் பாதியில் திரும்பியவர் அவர். மின்காந்தக் கதை எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த முடிச்சை எழுத்தாளர்கள் தளர்வாகவே விட்டிருக்கிறார்கள்.

'கான்ஸ்டன்ட்' என்றால் இங்கே என்ன? காதல் என்று எடுத்துக்கொள்வதா?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பள்ளிக் கணக்கில் மாறி, மாறிலி என்று படித்தீர்களே, அந்த மாறிலிதான். எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. இரண்டு காலத்திலும் இருக்கிற, இரண்டு காலத்திலும் அவன் மனசு அடையாளம் கண்டுகொள்கிற ஒன்று வேண்டும். ஆய்வகத்தில் எலாய்ஸ் என்ற எலி, தனக்கு இன்னும் கற்றுக்கொடுக்காத புதிர்ப்பாதையில் சரியாக ஓடிக் காட்டிவிட்டுச் செத்துப்போகிறது. அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. டெஸ்மண்டுக்கு பென்னி. காதல் என்பதால் மட்டும் அவள் மாறிலி ஆகவில்லை. 2004-ல் அவளோடு நேரடித் தொடர்பு கிடைத்தால்தான் கணக்கு முடியும், நினைத்துக்கொண்டால் போதாது. அதனால்தான் கதை முழுவதும் ஒரு போன் நம்பரைத் தேடி அலைகிறது: ஏலக்கூடக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகும் அப்பா விட்மோரிடமிருந்து முகவரி, முகவரியில் பென்னி, பென்னியிடமிருந்து எண்.

அந்த நம்பருக்குப் போன் போட்டால் யாராவது எடுப்பார்களா?
– வாசகர், அண்ணா நகர்

எடுக்கமாட்டார்கள். லண்டனின் 020 7946 0000 முதல் 0999 வரையிலான எண்களை நாடகம், சினிமாவில் பயன்படுத்துவதற்கென்றே பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு ஒதுக்கிவைத்திருக்கிறது. திரையில் வந்த எண்ணைச் சுழற்றி யாரோ ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் உங்கள் கேள்வி இந்த எபிசோடின் ஒரே பெரிய ஓட்டையில் விரல் வைத்துவிட்டது. 1996-ல் பென்னி 7946 0893 என்று எட்டு இலக்கம் சொல்லியிருக்கவே முடியாது. அப்போது உள்லண்டனுக்கு 0171, வெளிலண்டனுக்கு 0181. அதற்குப் பின் ஏழு இலக்கம். 2000-ல்தான் லண்டன் முழுவதற்கும் 020 வந்தது; பழைய எண்ணுக்கு முன்னால் 7 அல்லது 8 ஒட்டிக்கொண்டது. நம் சென்னை லேண்ட்லைனில் பழைய ஏழு இலக்கத்துக்கு முன்னால் 2 வந்து உட்கார்ந்ததே, அதே கதை. ஆக 1996-ன் பென்னி 946 0893 என்றுதான் சொல்லியிருப்பாள். டெஸ்மண்ட் அதை அப்படியே மனப்பாடம் செய்து 2004-ல் கப்பலிலிருந்து போட்டிருந்தால் இணைப்பு கிடைத்திருக்காது. எட்டு வருடம் நம்பரை மாற்றாதே என்று அவளிடம் கெஞ்சியும் பயனில்லை. தொலைபேசித் துறை மாற்றியிருக்கும்!

வெளிநாட்டிலிருந்து என்றால் 44 போட்டு, 020-ன் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு 20 7946 0893. இந்த 44 பிரிட்டனின் நாட்டுக் குறியீடு. நம் 044-ஓடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2004 டிசம்பர் 24 என்ற தேதி சரியாக வருகிறதா?
– வாசகர், சாந்தோம்

வருகிறது. விமானம் விழுந்தது 2004 செப்டம்பர் 22. அதுவே முதல் நாள். செப்டம்பர் முடிய 9, அக்டோபரோடு 40, நவம்பரோடு 70, அதன்மேல் 24. தொண்ணூற்று நான்காவது நாள். நம் கடற்கரைக்காரர்களுக்கு அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்து வந்த கடல்தான் நினைவுக்கு வரும். இந்த எபிசோடில் அதைத் தேடாதீர்கள். பென்னி வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் மட்டும்தான்.

கடைசியில் ஃபாரடே தன் நோட்டில் டெஸ்மண்டின் பெயரைப் பார்க்கிறாரே, அப்படியானால் கடந்த காலம் மாறிவிட்டதா?
– வாசகி, வேளச்சேரி

மாறவில்லை. ஏதாவது தவறாகப் போனால் டெஸ்மண்ட் ஹ்யூம்தான் தன் மாறிலி என்ற வரி முதலிலிருந்தே அங்கே இருந்தது, அவர்தான் மறந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே பொருந்தும். முந்தைய எபிசோடில் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அவரோடு தீவுக்கு வந்த ஷார்லட் அவருக்கு நினைவுச் சோதனை வைக்கிறாள். இரண்டைத்தான் சரியாகச் சொல்கிறார். காரணமும் இதே எபிசோடில் போகிற போக்கில் வந்துவிடுகிறது: கதிர்வீச்சுக்காக ஈயக் கவசத்தை மார்பில் மாட்டிக்கொள்ளும் ஃபாரடேயிடம், தலைக்கு என்ன மாட்டுவாய் என்று டெஸ்மண்ட் கேட்கிறான். பதில் இல்லை.

சயீதாக நடித்தவர் மலையாளியாமே?
– வாசகர், அயனாவரம்

நவீன் ஆண்ட்ரூஸ். பெற்றோர் கேரளத்துக்காரர்கள், பிறந்தது லண்டனில். கதையில் அவர் இராக்கியர்.

இந்த ஒரு எபிசோடுக்காக எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

மொத்தம் 121. எல்லாம் வேண்டாம், ஆனால் நேராக இதில் குதித்தால் கடைசி போன் கால் வெறும் போன் காலாகத்தான் தெரியும். இரண்டாவது சீசனின் இறுதி இரட்டை எபிசோடில் தொடங்குங்கள். டெஸ்மண்ட் தீவுக்கு வந்த கதையும் சாவியும் அங்கேதான். பிறகு மூன்றாவது சீசனில் எட்டாவதும் இறுதி இரட்டையும், நான்காவதில் 2, 3, 4. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மூன்றாவது சீசனின் எட்டாவதைத் தவிர்த்துவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் 1996, அதுவும் பென்னி. ஆனால் அதில் பின்னால் நடக்கப்போவது டெஸ்மண்டுக்கு அரைகுறையாக நினைவிருக்கும், இதில் சுத்தமாக இருக்காது.

சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்மண்டின் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் வரிக்கு வரி வரும் 'ப்ரதர்' மட்டும்தான் காதில் நிற்கும்.