நாய்க்குப் பல் துலக்க எதை வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு ஆறு வயது. ஆசையாக முகத்தை நக்க வந்தால் வாய் நாற்றம் தாங்கவில்லை. கடையில் பேஸ்ட், ஸ்ப்ரே, தண்ணீரில் கலக்கும் மருந்து, மெல்லும் குச்சி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? நாங்கள் துலக்கும் பேஸ்டையே போடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வாங்குவதற்கு முன் அதன் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் ஈறை ஒட்டி, சட்டி அடியில் பிடித்த காந்தல் மாதிரி பழுப்பாக இருக்கிறதா? அதுதான் காரை. அது படிந்துவிட்டால் பேஸ்டோ ஸ்ப்ரேயோ கரைக்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. டாக்டர்தான் எடுக்க வேண்டும். சின்ன வாயில் 42 பல்லும் நெருக்கியடித்து நிற்பதால் பொமரேனியனுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும்.

வீட்டில் நம்மால் முடிவது, காரை படியாமல் பார்த்துக்கொள்வது. பல்லில் ஒட்டும் வழவழப்பு இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுகத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை துலக்கிப் பயனில்லை. தினமும் துலக்க வேண்டும். வேலை செய்வது பிரஷ்தான். குழந்தைகளுக்கு விற்கும் மிருதுவான பிரஷே போதும். பல்லின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பேஸ்டைப் போடவே போடாதீர்கள். நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நம் பேஸ்டில் ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் இருக்கும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும். இந்தச் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே சரித்துவிடும், அளவு கூடினால் ஈரலையும் கெடுக்கும். தண்ணீரில் கலக்கும் மருந்துகள் சிலவற்றிலும் இது இருந்திருக்கிறது. ஆகவே எந்தப் புட்டியானாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘சைலிட்டால்’, ‘பிர்ச் சுகர்’, ‘இ967’ மூன்றும் ஒன்றுதான். உட்பொருள் பட்டியலே போடாத பொருளை வாங்க வேண்டாம். வி.ஓ.எச்.சி. (விலங்குகளின் பல் பராமரிப்புப் பொருள்களை மதிப்பிடும் அமெரிக்கக் குழு) முத்திரை இருந்தால், வழவழப்பையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருள் என்று கொள்ளலாம்.

கேள்வி: குளிப்பாட்டி முடிவெட்டும் கடையில் மயக்க மருந்து இல்லாமலே பல்லைச் சுத்தம் செய்து தருகிறார்கள். டாக்டரோ மயக்கம் கொடுத்துத்தான் செய்வேன் என்கிறார், செலவும் பல மடங்கு. கடையிலேயே செய்துகொள்ளலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். நானும் ஒருமுறை என் நாய்க்கு அப்படிச் செய்துகொண்டவன். பல் வெள்ளையானது, நான் சந்தோஷப்பட்டேன். நாலு மாதத்தில் கண்ணுக்குக் கீழே வீக்கம். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். கடையில் சுரண்டியது கண்ணுக்குத் தெரிந்த பாகத்தை மட்டும். நோய் ஈறுக்கு அடியில் இருந்தது. விழித்திருக்கும் நாயின் ஈறுக்குள் கருவியை விட யாராலும் முடியாது. சுரண்டிய பல்லைப் பாலிஷ் செய்யாமல் விட்டால் சொரசொரப்பாகி, அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும்.

டாக்டரிடம் காசு கட்டுமுன் நேராகக் கேளுங்கள்: மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை உண்டா? மூச்சுக்குழாயில் டியூப் வைப்பீர்களா? (வைக்காவிட்டால் அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகலாம்.) எக்ஸ்ரே, பாலிஷ் எல்லாம் இந்தத் தொகைக்குள்ளா? பல் பிடுங்க நேர்ந்தால் தனிக் கட்டணமா? மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், பில்லையும் விடாதீர்கள். கடையோ கிளினிக்கோ காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்யாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அந்தப் பில் வேண்டும்.

கேள்வி: எலும்பு கடித்தால் பல் தானாகவே சுத்தமாகிவிடும் என்கிறார்களே?
- வாசகி, மதுரை

பதில்: அழுக்கு கொஞ்சம் போகும், பல்லும் உடையும். மாட்டுக்கால் எலும்பு, மான் கொம்பு போன்றவற்றைக் கடித்து மேல் கடைவாய்ப் பல் செதிலாகப் பிளந்து வரும் நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். மெல்லக் கொடுக்கும் எதையும் முதலில் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியவில்லை என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.