அரண்மனை ஆபீஸானது, கோர்ட் அரண்மனையானது

கேள்வி: ஒரு சான்றிதழ் விஷயமாக எழிலகத்தில் நாள் முழுக்க காத்திருந்தபோது, பின்னால் தெரியும் சிவப்புக் கட்டடம்தான் ஆற்காடு நவாப் அரண்மனை என்றார் பக்கத்தில் நின்றவர். அவ்வளவு பெரிய இடத்தை எப்படி விட்டார்கள்? மன்னர் மானியத்தையே ஒழித்த பிறகும் ஆற்காடு இளவரசர் பட்டம் மட்டும் எப்படி நிற்கிறது?
– வாசகி, ராயப்பேட்டை

பதில்: ஒரே நாளில் விடவில்லைங்க, முதலில் வட்டி தின்றது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பியதே வெள்ளைக்காரர்களின் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்றுதான். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்காகச் சண்டை போட்டது, சரி, ஆனால் செலவை அவர் தலையில் எழுதியது. அதை அடைக்க அவர் கடன் வாங்கியது யாரிடம் என்கிறீர்கள்? அதே கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம், கொழுத்த வட்டிக்கு, ஊர் ஊராக நிலவரியை எழுதிக் கொடுத்து! 1785-ல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் லண்டன் பார்லிமென்டில் இந்தக் கடன் கதையையே எடுத்துப் போட்டு உடைத்தார்.

1799-ல் திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் கம்பெனியிடம் விழுந்ததும், திப்புவோடு நவாப் வீட்டார் ரகசியக் கடிதம் வைத்துக்கொண்டார்கள் என்று அங்கே கிடைத்த காகிதங்களைக் காட்டினார்கள். என்னைக் கேட்டால் சாக்குதான். 1801-ல் நவாப் உம்தத்துல் உமரா இறந்தபோது, மகன் அலி ஹுசைன், நாட்டைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று நின்றார். அவரை ஓரங்கட்டிவிட்டு, கையெழுத்துப் போடத் தயாராக இருந்த உறவினர் அசீமுத்தௌலாவை உட்கார வைத்தார்கள். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு கம்பெனிக்கு.

அப்புறம் 1855-ல் குலாம் கவுஸ் கான் பிள்ளையில்லாமல் போய்ச் சேர, சித்தப்பா அசீம் ஜா இருந்தும் நவாப் பட்டமே ரத்து. மாளிகை ஏலத்துக்கு வந்து, சர்க்காரே எடுத்துக்கொண்டு ஆபீஸ் போட்டது. 1867-ல் விக்டோரியா ராணி அசீம் ஜாவுக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டத்தையும் பரம்பரைக்கும் ஓய்வூதியத்தையும் கொடுத்தார். குடியிருக்க உங்கள் ராயப்பேட்டையில் அமீர் மஹால், அதற்கு முன் போலீஸ் கோர்ட் நடந்த இடம்!

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 1971-ல் வெட்டியது, இந்தியாவோடு தங்கள் சமஸ்தானத்தை இணைத்த மன்னர்களின் மானியத்தை. இவர்களுக்கு இணைக்க நாடே இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. அதனால்தான் அந்த வெட்டு இவர்கள்மேல் விழவில்லை.

அடுத்த முறை போனால் எழிலகத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். 2012-ல் தீப்பிடித்த, அந்த அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹாலைப் பழுதுபார்த்து, பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிலவரியை எழுதிக் கொடுத்தே நொடித்த நவாப் வீட்டு வாசலில், எழிலகத்தில், இன்றைக்கு வருவாய் நிர்வாக ஆணையர் அலுவலகம் நடக்கிறது. அது சரி, சான்றிதழ் கைக்கு வந்ததா?