தலையில் அடிபட்ட பிள்ளை பொலிஸில் நிற்கும்போது: கேள்வி பதில்

களுவாஞ்சிகுடி, ஒரு அம்மா: மகனுக்கு 19 வயது. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு கோபம் அடங்குறதே இல்ல. கைகலப்பு என்று பொலிஸ் கூட்டிப்போயிட்டாங்க. முதல்ல என்ன செய்ய?

அம்மா, காகிதங்களை எடுங்கள். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இப்போது போடும் குளிசைகளின் விபரம். மூலப்பிரதி உங்கள் கையிலேயே இருக்கட்டும். போட்டோகொப்பி ஒன்று பொறுப்பதிகாரிக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு. வலிப்புக் குளிசை போடுகிறவர் என்றால் அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். திடீரென்று நின்றால் கூண்டுக்குள்ளேயே வலிப்பு வரலாம். இலங்கையில் சாதாரணக் குற்றங்களில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: 2012ஆம் ஆண்டு விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வரலாம். வசதியில்லாவிட்டால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

வாழைச்சேனை, ஒரு அண்ணன்: தம்பி எல்லாத்துக்கும் "ஓம்" என்று சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்தும் வச்சிட்டான். அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்ல.

மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களிடம் இது அடிக்கடி நடப்பது. களைப்பில், விட்டால் போதும் என்று ஒத்துக்கொள்வார்கள். ஞாபகத்தில் உள்ள ஓட்டையைத் தெரியாமலே கற்பனையால் நிரப்புவார்கள். அது பொய் அல்ல, ஆனால் எழுத்தில் பொய் போலவே தெரியும்.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவருக்கெதிராக நிரூபிக்க முடியாது (சான்றுக் கட்டளைச்சட்டம், பிரிவு 25). நிம்மதி அவ்வளவுதான். அவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி பிரிவு 27இன் கீழ் உள்ளே வரும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தை அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் எழுதியிருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சம்மாந்துறை, ஒரு வாப்பா: மகன் குடிக்கிறதே இல்ல. தள்ளாடுறான், நாக்குக் குழறுது என்று குடிகாரன் ஆக்கிட்டாங்க.

வைத்தியரிடம் காட்டும்படி அந்த இடத்திலேயே கேளுங்கள். பழைய தலைக்காயத்தை வைத்தியர் தன் படிவத்தில் எழுத வேண்டும். காயத்தின் தன்மையைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும் கிளினிக் கடிதம் ஒன்று எப்போதும் அவர் பேர்ஸில் இருப்பது நல்லது.

கல்முனை, ஒரு மாமா: 77ஆம் பிரிவு இருக்கு, மருமகன் தப்பிடுவான் என்கிறாங்க. உண்மையா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, *செய்த நேரத்தில்* சித்த சுவாதீனம் இல்லாததால், செய்வது என்னவென்றோ, பிழையென்றோ, சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய முடியாதவருக்கு உரியது. தெரிந்தும் அடக்க முடியாமல் கை ஓங்கியவருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவருடையதே. வென்றாலும் நேரே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

*இப்போது* வழக்கை விளங்கி எதிர்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. அது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 374ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் அத்தியாயத்தில் இருக்கிறது. சின்ன அடிதடி வழக்கில் இதை அவசரப்பட்டுக் கிளப்பாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வைத்திய அறிக்கை வரும்வரை விளக்கமறியல் நீண்டு, கிடைக்கக்கூடிய தண்டனையையும் தாண்டிவிடலாம். அப்படியான வழக்கில் காயத்தைத் தண்டனைக் குறைப்புக்குப் பயன்படுத்துவதே நல்லது. குற்றத்தீர்ப்பு இல்லாமலே நிபந்தனையோடு விடுவிக்க அதே சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இடம் தருகிறது.

எதற்கும் நல்ல அறிக்கை வேண்டும். ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது கிளாஸ்கோ அளவு, அதாவது சுயநினைவை அளக்கும் புள்ளி, என்ன (15க்கு, 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமை), ஞாபகம் திரும்ப எத்தனை நாள் எடுத்தது, கவனம், ஞாபகம், அவசரப்புத்தி பற்றிய பரிசோதனை முடிவு, விபத்துக்கு முன்னும் பின்னும் நடத்தை எப்படி. "தலைக்காயம் இருந்தது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. சிடி ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் காயம் இருக்கலாம் என்பதையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஏறாவூர், ஒரு உம்மா: மகனுக்கு 13 தான்.

தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை. 12க்கும் 14க்கும் இடையில், செய்ததன் தன்மையையும் விளைவையும் விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். காயத்துக்கு நேரடியாக எடை கிடைப்பது இங்கேதான். விபத்துக்கு முன்னும் பின்னுமான பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளை நன்னடத்தை அலுவலரிடம் கொடுங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு ராத்தா: பிணையில வந்த தம்பி ஞாயிறு கையெழுத்து வைக்க மறந்திடுறான்.

போனில் அலாரம் மட்டும் போதாது. கூட்டிப்போக ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும். கையெழுத்து நாளையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் மோஷன் (கோரிக்கை மனு) போடுங்கள். ஒரு தடவை தவறினாலும் அடுத்த நாளே பொலிஸுக்குப் போய்ச் சொல்லி, கிளினிக் கொப்பியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பிடியாணை வந்த பிறகு கொடுத்தால் சாட்டாகத்தான் பார்ப்பார்கள்.