செக்கை விடப் பருப்புக்குத்தான் பணம் வேண்டும்

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரில் மரச்செக்கு போட நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

ரியாத்தில் 11 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். கணக்கு முடித்து வாங்கியதும் சேமிப்புமாக 9 லட்சம் இருக்கிறது. எங்கள் பக்கம் கடலை விளைகிற ஊர். இரண்டு செக்கு போடலாமா?
– வாசகர், ஆலங்குடி

ஒன்று போதும். இரண்டாவது செக்குக்கு வைத்திருக்கும் பணத்தை நிலக்கடலைப் பருப்புக்கு ஒதுக்குங்கள். இந்தத் தொழிலில் படுத்துவிடுகிறவர்களின் செக்கு பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். பருப்பு வாங்கக் காசு இல்லாமல்தான் சும்மா நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். 3 எச்பி மோட்டார், ஒரு தடவைக்கு 15 கிலோ ஆட்டும் செக்கு. ஒரு தடவை ஆட்ட முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஏழு தடவை ஓட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிலோ பருப்பு. நல்ல பருப்பாக இருந்தால் 40 கிலோ எண்ணெய் வரும். ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடை போட்டால் சுமார் 910 கிராம்தான். ஆகவே 40 கிலோ என்பது 44 லிட்டர். பிண்ணாக்கு 55 கிலோ.

பருப்பு கிலோ 130 ரூபாய், பிண்ணாக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 13,000 ரூபாயில் பிண்ணாக்குக் காசு 2,200 கழிந்தால் மிச்சம் 10,800. லிட்டருக்கு 245 ரூபாய் பருப்புக்கே போய்விட்டது. கரண்ட் பெரிய செலவில்லை, நாளுக்கு 15 யூனிட் அளவுதான். ஆள் கூலி, பாட்டில், மூடி, லேபிள், வண்டி பெட்ரோல் ஆகியவைதான் மேலே ஏறும். பருப்பு சரியில்லாமல் எண்ணெய் 40 கிலோவுக்குப் பதில் 37 கிலோ வந்தால், பிண்ணாக்கு கூடுதலாகக் கிடைப்பதைக் கழித்தும் அடக்கவிலை லிட்டருக்கு 17 ரூபாய் ஏறிவிடும். உங்கள் லாபத்தில் பாதி அந்த மூன்று கிலோவில் இருக்கிறது.

மாதம் 25 நாள் ஓட்டினால் 2,500 கிலோ, அதாவது 3.25 லட்சம் ரூபாய்க்குப் பருப்பு. பருப்பு வியாபாரி கையில் காசு கேட்பார். உங்களிடம் எண்ணெய் எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒரு மாதம் கழித்துத் தருவார். ஆக இந்த மாதப் பருப்பிலும் போன மாதப் பாக்கியிலுமாக ஆறரை லட்சம் எப்போதும் சுற்றிலேயே இருக்கும். உங்கள் 9 லட்சத்தில் எதற்கு எவ்வளவு என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

முதல் ஆறு மாதம் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். கடலை அவர்களுடையது, ஆட்டுக்கூலி உங்களுடையது. பருப்பில் பணம் முடங்காது, செக்கின் போக்கும் பிடிபடும், யார் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதும் தெரிந்துவிடும். கையிருப்பு வாங்குவதை அறுவடை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலோடு வாங்கினால் 100 கிலோ காய்க்கு 70 கிலோ பருப்பு என்று கணக்கு. உடைக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்து, எது மலிவோ அதை வாங்குங்கள்.

வீட்டு மின் இணைப்பில் செக்கு ஓட்டாதீர்கள். மும்முனை இணைப்பைத் தனியாகச் சிறுதொழில் கட்டணத்தில் கேட்டு வாங்குங்கள். மின்வாரியப் பறக்கும் படை வந்து பார்த்தால் அபராதம் ஒரு மாத லாபத்தைத் தின்றுவிடும்.

எண்ணெய் எடுத்தபோது வாசனையாக இருந்தது. மூன்று வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது, அடியில் கசடும் நிற்கிறது. பாட்டிலில் கோளாறா?
– வாசகர், திண்டிவனம்

பாட்டிலின் பங்கு கொஞ்சம்தான். கோளாறு இரண்டு இடத்தில் இருக்கும்: ஆட்டும்போது தெளித்த தண்ணீர், அவசரப்பட்டுப் பாட்டிலில் பிடித்த எண்ணெய்.

கடலை ஆட்டும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது வழக்கம்தான். அது இல்லாவிட்டால் மாவு சேராது, எண்ணெய் பிரியாது. பருப்பு சரியாகக் காயாமல் ஈரமாக இருக்கும்போது அதே அளவு தெளித்தால் எண்ணெய் நுரைத்துக்கொண்டு மங்கலாக வரும். அந்த ஈரமும் கசடும் உள்ளே இருக்கும்வரை கெடுவது நிற்காது. பருப்பைக் கையில் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும், கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள்.

எடுத்த எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில், மேலே மெல்லிய துணி கட்டி மூன்று நான்கு நாள் அசைக்காமல் தெளியவிடுங்கள். தெளிந்ததை மேலாக இறுத்து, துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். அடியில் நிற்கும் மண்டியைப் பாட்டிலில் சேர்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தக் கால் லிட்டர் முழு டின்னையும் கெடுக்கும். பாட்டிலைக் கழுவினால் சொட்டு ஈரம் இல்லாமல் காயவையுங்கள். கடை வாசலில் வெயில் படும்படி அழகுக்கு அடுக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கருத்த பருப்பைக் கையால் பொறுக்கி எடுக்கிறீர்களா? அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. சுத்திகரிப்பு ஆலையில் காரம் (ஆல்கலி) சேர்க்கும் கட்டத்தில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அப்படி ஒரு கட்டமே கிடையாது. பருப்பில் இருப்பதில் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும், பிண்ணாக்கில் இன்னும் அதிகமாகத் தங்கி மாட்டுக்குப் போகும். பொறுக்க இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுப்பது வீண் செலவல்ல.

எள் ஆட்டினால் 10 கிலோவுக்கு அரை முதல் முக்கால் கிலோ கருப்பட்டி சேர்த்து ஆட்டுங்கள். சீனி கலந்த கருப்பட்டி வாங்கி ஏமாறாதீர்கள். தேங்காய் என்றால் கந்தகப் புகை போட்ட கொப்பரை வேண்டாம். பார்க்க வெள்ளையாக இருக்கும், முகர்ந்தால் தெரிந்துவிடும்.

துபாயிலிருந்து வந்ததும் கையிலிருந்த பணத்தில் செக்கு வாங்கிவிட்டேன். இப்போது பிஎம்இஜிபி மானியம் கிடைக்குமா?
– வாசகர், பரமத்திவேலூர்

வாங்கிய செக்குக்குக் கிடைக்காது. வங்கிக் கடனோடு மானியம் தரும் அந்த மத்திய அரசுத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைக் காட்டினால் மனு தள்ளுபடியாகும். முறை இது: முதலில் திட்ட அறிக்கையும் விலைப்புள்ளியும், பிறகு மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பம், பிறகு வங்கி ஒப்புதல், பயிற்சி, அதன் பிறகே இயந்திரம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதம் மானியம். அந்தத் தொகை கையில் வராது. வங்கியில் மூன்று வருஷம் தனியாக நிறுத்திவைத்துப் பிறகு கடனில் கழிப்பார்கள். நடுவில் தொழிலை மூடினால் அதுவும் போச்சு. கணவன் மனைவி சேர்ந்து ஒரு குடும்பம் என்பதால் இருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்க முடியாது.

உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது பிஎம்எஃப்எம்இ, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம். அது ஏற்கெனவே ஓடும் சிறு உணவுத் தொழிலை விரிவாக்கவும் கொடுக்கிறது: திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். வாங்கி முடித்த செக்குக்கு இதிலும் கிடையாது. இனி வாங்கும் வடிகட்டி, பாட்டிலில் நிரப்பும் இயந்திரத்துக்குக் கேளுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

நான் இன்னும் குவைத்தில். தம்பி இடத்தில் ஷெட் போட்டு, தம்பியை வைத்தே எல்லாம் வாங்கலாம் என்று திட்டம். என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?
– வாசகர், குவைத்

தம்பிதானே என்று எழுதாமல் விட்டதெல்லாம் பிற்பாடு பெரியப்பா சித்தப்பா பஞ்சாயத்தில் வந்து நிற்கும். இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடுங்கள். வங்கிக் கடன் வேண்டுமென்றால் கடன் காலம் முழுவதற்கும் பதிவு செய்த ஒப்பந்தம் கேட்பார்கள், 11 மாத ஒப்பந்தம் உதவாது. இயந்திர பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், பணமும் உங்கள் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கே நேராகப் போகட்டும். தம்பிக்குப் பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை அதோடு முடிகிறது. வெளிநாட்டு நாணயத்திலேயே போட்ட எஃப்சிஎன்ஆர் வைப்பை மட்டும் முதிர்வு நாள்வரை அதே வட்டியில் விட்டுவைக்கலாம். என்ஆர்இ வைப்பு ஒரு வருஷம் ஆகாதிருந்தால் உடைக்காதீர்கள், ஒரு பைசா வட்டி வராது.

ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்? லேபிளில் ‘இதயத்துக்கு நல்லது’ என்று போடலாமா?
– வாசகி, காங்கேயம்

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். மேலே சொன்ன ஒற்றைச் செக்கு முழு நாளும் ஓடி, லிட்டர் 320 ரூபாய்க்குப் போனால் வருஷம் 42 லட்சம் வந்துவிடும். பெங்களூரில் இருக்கும் மச்சான் கடைக்கு விற்பதென்றால், வெளிமாநிலம் என்பதால் வரம்பே கிடையாது, முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும்.

இதய வாசகம் வேண்டாம். சமையல் எண்ணெய் லேபிளில் அந்த மாதிரிப் புகழ்ச்சிக்குத் தடை இருக்கிறது. ஆட்டிய தேதியைப் பெரிதாகப் போடுங்கள், செக்கெண்ணெய் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.